அனுபவசாலிகளுக்கு எதற்கு வகுப்பு?

(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல், ஷூ கம்பெனிகளில் இருபது வருடம் பார்த்தவர்கள் நம் குடியிருப்பில் பலர் இருக்கிறீர்கள். "இந்த வயதில் நிர்வாகப் படிப்பு எதற்கு?" என்று கேட்கிறீர்கள்.

அந்த வகுப்பில் ஆசிரியர் பாடம் ஒப்பிப்பதில்லை. நடந்த ஒரு விஷயத்தைக் கொடுத்து, "நீங்கள் முதலாளியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்பார். ஹார்வர்டில் வளர்ந்த இந்த முறையைத்தான் 1961-ல் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம்.மும் பின்பற்றுகிறது.

நம் பாலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. இதை வகுப்பில் வைத்தால், கணக்குப் பிரிவுக்காரர் சுத்திகரிப்புச் செலவைப் பேசுவார். கெமிஸ்ட் குரோமியத்தைப் பேசுவார். ஏற்றுமதியாளர் ஆர்டரைப் பேசுவார். கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன விவசாயியைப் பற்றி யாரும் பேசவில்லை என்றால், அதைக் கேட்பதுதான் ஆசிரியரின் வேலை.

அனுபவம் பதிலைச் சீக்கிரம் தரும். ஆனால் பெரும்பாலும் பழைய பதிலையே தரும். பக்கத்தில் இருப்பவர் வேறு பதில் சொல்லும்போதுதான் படிப்பு தொடங்குகிறது.

ஆகவே லட்சக்கணக்கில் கட்டணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். உடன் படிக்கப்போகிறவர்கள் யார்? வகுப்பில் உங்களுக்குப் பேச நேரம் உண்டா? முடிவில் கிடைப்பது பட்டமா, பயிற்சிச் சான்றிதழா? பதில் திருப்தியாக இருந்தால் தாராளமாகச் சேருங்கள். வயது ஒரு தடை அல்ல.