பட்டத்து ராணியும் மாரியாத்தாளும்

இந்தத் தலைமை நாற்காலியில் உட்காரவைத்ததற்கு நன்றி. இதற்குத் தகுதியானவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள் என்பது கொஞ்சம் பயத்தையும் தருகிறது. அழைப்பிதழில் 'பதிவிசையும் பெண் குரலும்' என்று பொருளை அச்சிட்டிருக்கிறார்கள். இசைத்தட்டு வந்தது, தேவதாசி மரபுப் பாடகியர் அதில் முதலில் பாடினார்கள், பேசும்படம் வந்தது, பின்னணிப் பாடகி வந்தார் என்ற வரிசை உங்களுக்குத் தெரியும். தியடோர் பாஸ்கரனும் ஸ்டீபன் ஹியூஸும் எழுதியதை நான் திரும்பச் சொன்னால் பின்வரிசை தேநீருக்குக் கிளம்பிவிடும். எனவே பொருளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எனக்கு வேண்டியதைப் பேசுகிறேன்.

நாளைய அமர்வு ஒன்றில் இண்டஸ்ட்ரியல் மெட்டல் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. பெண் ஒருத்தி முன்னின்று பாட, இயந்திர இரைச்சலும் சங்கிலி, சவுக்கு முதலான காம வேட்கையின் தளவாடங்களும் சேர்ந்த வகையைப் பற்றியது அது. அமெரிக்காவில் ஜெனிடார்ச்சரர்ஸ் என்ற குழு 1993இல் வெளியிட்ட முதல் ஆல்பம், பிரெஞ்சு எழுத்தாளர் சாத் எழுதிய நாவலின் தலைப்பையே திருகித் தனக்கு வைத்துக்கொண்டது. காந்திகிராமத்தில் இதையெல்லாமா பேசுவது என்று சிலர் கேட்டார்களாம். 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய இடம் இது. 1960களிலேயே ஆத்தூர் வட்டாரக் கிராமங்களில் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசிய ஊழியர்கள் இங்கிருந்துதான் போனார்கள். உடலைப் பற்றிப் பேசக் கூசிய ஊர் அல்ல இது. என் குறை வேறு. அந்தக் கட்டுரைக்கு நிகரான தமிழ்ச் சான்று நம் கையில் இருக்கும்போது அதைக் குப்பையில் போட்டுவிட்டு ஃப்ளோரிடாவுக்குப் போகிறோமே என்பதுதான்.

1969 தீபாவளிக்கு வந்த 'சிவந்த மண்' படத்தில் 'பட்டத்து ராணி' என்று தொடங்கும் பாட்டைச் சொல்கிறேன். ஸ்ரீதர் இயக்கம், எம்.எஸ். விஸ்வநாதன் இசை, எல்.ஆர். ஈஸ்வரி குரல். திரையில் சிவாஜி கையில் சவுக்கு; காஞ்சனா ஆடுகிறார். படத்தை மறந்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். சவுக்கு வெறும் சத்தமாக வந்துபோகவில்லை, தாளத்துக்குள் இடம் பிடித்து விழுகிறது. அடிக்குப் பதிலாகக் குரல் சுண்டி, வலியா சிணுங்கலா சவாலா என்று பிரிக்க முடியாத ஒரு மூச்சாக வெளிவந்து, உடனே சுருதி பிசகாமல் பாட்டுக்குள் திரும்புகிறது. இண்டஸ்ட்ரியல் என்ற பெயரைத் தந்த லண்டன் குழுவினர் தங்கள் பதிவு நிறுவனத்தைத் தொடங்கியது 1976இல். எல்லாம் நம்மிடமிருந்தே போயின என்று சொல்லும் நோய் எனக்கில்லை; அவர்கள் ஈஸ்வரியைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். வாத்தியமல்லாத ஒரு கருவியின் ஓசையை வாத்தியமாக்கி, அதற்கு எதிரே பெண்ணின் மூச்சை நிறுத்தும் உத்தி, வடபழனி வட்டாரத்தில் கூலிக்கு வாசித்தவர்களிடமும் கைவந்திருந்தது என்பதே நான் சொல்வது.

இதை ஏன் நம் ஆய்வு கேட்கவில்லை? நாம் கேட்கிறவர்கள் அல்லர், படிக்கிறவர்கள். தமிழ்த் திரையிசை ஆய்வின் மூலநூல் இன்றுவரை கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம்தான். கண்ணதாசன் வரி அதில் இருக்கும். அந்த மூச்சு இருக்காது. சிரிப்பும் விக்கலும் ஹம்மிங்கும் இருக்காது. 'பணமா பாசமா' (1968) படத்தின் இலந்தப்பழக்காரி பாட்டை அச்சில் படித்தால் கூவி விற்கும் ஒருத்தியின் சரக்குப் பட்டியல். அதை ஒரு தலைமுறையே காது சிவக்கக் கேட்டதற்குக் காரணம் சொல் அல்ல, சொல்லின் வாலை ஈஸ்வரி இழுத்துவிடும் விதம். ஆக, இந்தப் பாட்டுகளின் சிருங்காரத்தில் பெரும்பங்கு அச்சேறாத பகுதியில் இருக்கிறது. அச்சேறாத பகுதியின் ஆசிரியர் பாடகி. அமாண்டா வைட்மன் 2021இல் வெளியிட்ட பின்னணிப் பாடல் பற்றிய நூலில் ஈஸ்வரியை விரிவாகவே எடுத்துப் பேசிவிட்டார். தமிழில் எழுதுகிற நாம் இன்னும் 'கிளப் டான்ஸ் பாடகி' என்ற அடைமொழியோடு ஒரு பத்தியில் முடிக்கிறோம்.

அந்தப் பத்தியிலும் ஒரு கோணல் உண்டு. அதற்கு நான் பரிகார வாதம் என்று பெயர் வைத்திருக்கிறேன். அதை எழுதியவர்கள் சிலர் எதிரிலேயே இருக்கிறார்கள், நண்பர்கள்தான், பொறுத்துக்கொள்வார்கள். கவர்ச்சிப் பாட்டுப் பாடிய ஈஸ்வரி பிறகு அம்மன் பாட்டுப் பாடித் தன்னை மீட்டுக்கொண்டார் என்பது அவர்கள் கூற்று. காலவரிசையே இதை ஏற்காது. அம்மன் இசைத்தட்டுகள் ஊர் ஊராகப் பரவிய எழுபதுகளிலேயே அவர் 'வெள்ளி விழா'வில் (1972) காதோடு பேசும் அந்தரங்கப் பாட்டையும், 'அவள் ஒரு தொடர்கதை'யில் (1974) கட்டற்ற இளம்பெண்ணின் பாட்டையும் பாடிக்கொண்டிருந்தார். கத்தோலிக்கக் குடும்பத்தில் லூர்து மேரியாகப் பிறந்தவர் மாரியாத்தாளிடம் போய்ப் பாவமன்னிப்புக் கேட்டார் என்பது கேட்கவே வேடிக்கையாக இருக்கிறது. 2011இல் 'ஒஸ்தி'யில் டி. ராஜேந்தருடன் குத்துப்பாட்டு, 2020இல் 'மூக்குத்தி அம்மன்' படத்தில் ஆடிக் குத்து. மீண்டு வந்தவர் எண்பது வயதில் மறுபடி வழுக்கினாரா?

குரல் இரண்டல்ல, ஒன்றுதான். பம்பையும் உடுக்கையும் கேட்டால் அருள் இறங்கும் பெண்ணின் தொண்டையிலிருந்து வரும் ஓசையும் சொல் அல்ல. குலவையும் சொல் அல்ல. சொல் தீர்ந்த இடத்தில் உடம்பு எழுப்பும் அந்த ஓசையைத்தான் ஈஸ்வரி இரண்டு இடத்திலும் பயன்படுத்தினார். சவுக்குக்கு எதிரே நின்ற மூச்சுதான் உடுக்கைக்கு எதிரேயும் நிற்கிறது. இங்கிருந்து கூப்பிடு தூரம்தான் திண்டுக்கல். அங்கே மாசித் திருவிழாவின்போது கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் போய் நின்றால், எந்த நூலும் இல்லாமல் இது காதில் விழும். மைக்செட்டின் கூம்பு ஒலிபெருக்கியும் இதில் பங்காளி. கூம்புக்கு அடித்தொனி வராது; நடுத்தொனியைத்தான் தூக்கி எறியும். மென்மையான குரல் அதில் நீர்த்துப்போகும், கூர்மையான விளிம்புள்ள குரல் இன்னும் கரகரத்துப் பொட்டல் தாண்டிக் கண்மாய்க்கரை வரை போகும். மெட்டல் இசைக்காரர்கள் கருவி வைத்துச் செய்கிற அதே கரகரப்பை நம் மைக்செட்டுக்காரர் வேப்பமரத்தில் குழாயைக் கட்டி, செலவில்லாமல் செய்தார்.

மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு வலுவானது. மெட்டுப் போட்டவர் ஆண், எழுதியவர் ஆண், சவுக்கு ஆணின் கையில். இதில் பெண்ணின் சுதந்திரம் எங்கே? வெளிநாட்டுப் பாடகி தன் ஆல்பத்துக்குத் தானே சொந்தக்காரி, ஈஸ்வரி கூப்பிட்டபோது வந்து பாடியவர். ஒப்புக்கொள்கிறேன். காட்சி ஆணின் கனவுதான். ஆனால் கனவு கண்டவர்கள் வேறு, அதற்குத் தொனி கொடுத்தவர் வேறு. அந்த மூச்சில் கேட்பது அடங்கிய பெண்ணின் அழுகையாக இருந்திருந்தால் பாட்டு அன்றே செத்திருக்கும். அடிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு ஓரம் அதில் இருக்கிறது, அதை எந்த நொட்டேஷனும் எழுதிக் கொடுக்கவில்லை. அத்தோடு, கதாநாயகியின் முகத்துக்குப் பின்னால் நிற்க வேண்டாத இடம் அவருக்கு அம்மன் இசைத்தட்டில் கிடைத்தது. அங்கே ஆளும் குரலும் ஒன்று. இரண்டாவது மறுப்பு, சிருங்காரம் வேறு, இது கொச்சை என்பது. 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் முத்துப்பழனி என்ற பெண்கவியின் தெலுங்குச் சிருங்காரக் காவியமான 'ராதிகா சாந்த்வனமு'வை முழுமையாகப் பதிப்பித்தபோதும் இதையே சொன்னார்கள். பெண் எழுதத் தகாதது என்றார் தெலுங்குச் சீர்திருத்தவாதி வீரேசலிங்கம். வெட்கம் பெண்ணுக்கு மட்டுமா என்று நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார். 1911இல் சென்னையில் புத்தகத்தைப் பறிமுதல் செய்தார்கள், தடை நீங்க 1947 ஆயிற்று. 1975இல் தமிழிசைச் சங்க மாநாட்டில் இதே போன்றதொரு தலைமை உரையில் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி சிருங்காரமே ரசங்களில் தலையாயது என்று நிறுவினார். அந்த உரையை நாம் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம். காட்டிவிட்டு, கச்சேரி மேடைக்கு வெளியே பாடிய பெண்ணிடம் வீரேசலிங்கத்தின் அளவுகோலை எடுத்து நீட்டுகிறோம்.

ஒரே ஒரு வேண்டுகோளுடன் இறங்குகிறேன். திண்டுக்கல், நிலக்கோட்டை, வேடசந்தூர் பக்கத்துப் பழைய மைக்செட்டுக் கடைகளில் தகரப்பெட்டிகளில் இசைத்தட்டுகள் கிடக்கும். எந்தத் தட்டு எத்தனை திருவிழாவுக்கு ஓடியது என்பதை அதன் தேய்மானம் சொல்லும்; எந்தப் பாட்டுப் புத்தகமும் சொல்லாது. அவை பழைய இரும்புக் கடைக்குப் போவதற்குள் முதுகலை மாணவர்கள் இரண்டு பேரை ஒரு வண்டியில் அனுப்புங்கள். வண்டிச் செலவுக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன், துறைத் தலைவர் இன்று மாலைக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.