கங்கைகொண்ட சோழபுரம்

கும்பகோணத்திலிருந்து வடக்கே சென்ற எங்கள் வண்டி அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்தபோது நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். திரும்பும்போது அதே அணையை வேறு கண்ணோடு பார்க்கப் போகிறேன் என்பதை அப்போது நான் அறியேன்.

மாணவ நண்பர்களே, நான் காணச் சென்றது முதலாம் இராசேந்திர சோழன் தன் புதிய தலைநகரில் எடுப்பித்த சிவன் கோயில். இராசராசன் 1010-இல் தஞ்சைப் பெருங்கோயிலை முடித்தான். தந்தையை விஞ்ச வேண்டும் என்பதே மைந்தனின் எண்ணமாக இருந்திருந்தால் உயரத்தைக் கூட்டியிருப்பான். அவன் அவ்வாறு செய்யவில்லை. தஞ்சை விமானம் 13 நிலைகளோடு ஏறத்தாழ 216 அடி உயர்ந்தது. இதுவோ 9 நிலைகளோடு ஏறத்தாழ 180 அடிதான். ஆயினும் தஞ்சையில் நேர்கோடாக மேலேறும் விளிம்பு இங்கே சற்றே உள்வாங்கி, வளைந்து ஏறுகிறது. இதை நூல்களில் முன்பே படித்திருந்தேன், பொருட்படுத்தவில்லை. மாலை வெயிலில் நேரிற் கண்ட பிறகே, கல்லையும் குழைக்கலாம் என்பது விளங்கிற்று.

வடபுற வாயிற் படியருகே நெடுநேரம் நின்றுவிட்டேன். உமையோடு வீற்றிருக்கும் சிவபெருமான், கைகூப்பி அமர்ந்த சண்டேசரின் தலையில் மலர்மாலையைச் சுற்றுகிறார். வெற்றி வேந்தனுக்கே இறைவன் முடிசூட்டுவதாகச் சிற்பி குறிப்பால் உணர்த்தினான் என்று அறிஞர் சிலர் கருதுவர். இருக்கலாம். ஆனால் அந்தக் குனிந்த தலையையும், சூட்டும் விரல்களின் பரிவையும் கண்டபோது எனக்கு அரசன் நினைவே வரவில்லை. கருவறையிலுள்ள 13 அடி இலிங்கத்தைவிட இச்சிற்பமே என் நெஞ்சில் பெரிதாக நின்றது.

சுற்றி வரும்போது ஒன்று உறுத்தியது. இத்துணைப் பெரிய கோயிலுக்கு ஏற்ற மதில் எங்கே? கோபுரம் எங்கே? அங்கிருந்த முதியவர் ஒருவரைக் கேட்டேன். "எல்லாம் அணைக்கரைக்குப் போய்விட்டன, ஐயா" என்றார்.

உண்மைதான். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, ஆங்கில அரசினர் இக்கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் பெயர்த்துக் கருங்கற்களைக் கொண்டு சென்றனர். எனக்குச் சினம் பொங்கிற்று. ஆனால் அச்சினத்தை முழுமையாக வைத்துக்கொள்ளவும் இயலவில்லை. கீழணை நீர்தான் வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்குச் செல்கிறது. அதனால் விளையும் வயல்கள் பல. இராசேந்திரனும் கங்கை வெற்றியின் நினைவாக எழுப்பியது தூணன்று. சோழகங்கம் என்னும் பேரேரியைத்தான் அவன் வெட்டுவித்தான். இன்று அது பொன்னேரி என வழங்குகிறது. தன் மதிற்கல் அணையிற் கிடப்பதை அவன் அறிந்தால் என்ன சொல்லுவான்? வருந்துவானா, பொறுப்பானா? நீங்களே எண்ணிப் பாருங்கள். என்னால் முடிவு செய்ய இயலவில்லை.

திரும்பும் வழியில் அணைக்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். மதகுகளின் வழியே நீர் இரைந்து பாய்ந்துகொண்டிருந்தது. சிற்பியின் உளி பட்ட கல் ஒன்றேனும் கண்ணிற் படுமா என்று இருட்டும்வரை தேடினேன். பாசி படிந்து எல்லாக் கற்களும் ஒரே நிறமாக இருந்தன.