அச்சாரம் கொடுக்கும் முன்...

(கொல்லிமலை செம்மேட்டில் வியாபாரிகளும் இளைஞர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்திருக்கிறேன். நான் ஏறி வருகிற வேளையில், உங்களில் பலர் இறங்கிப் போகிற யோசனையில் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பு, வீட்டில் பெரியவர்களுக்கு வைத்தியம், மிளகும் காப்பியும் வாங்கி விற்கிற தொழிலுக்குக் கீழே ஒரு கிட்டங்கி. நாமக்கல்லிலோ ராசிபுரத்திலோ ஒரு வீடு இருந்தால் நல்லது என்று நினைக்கிறீர்கள். நியாயமான ஆசைதான். ஆனால் அந்த ஆசையில் செய்கிற ஒரு காரியம் பல குடும்பங்களைத் தெருவுக்குக் கொண்டு வருகிறது. இருக்கிற வீட்டை விற்பதற்கு முன்பே, வாங்கப் போகிற வீட்டிற்கு அச்சாரம் கொடுத்து விடுவதுதான் அது.

மேடையில் ஏறினால் இவர் இடஒதுக்கீடு பேசுவார், தேர்தல் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். சமுதாயம் சமுதாயம் என்று பேசுகிறோமே, அந்தச் சமுதாயத்தின் சொத்து எங்கே கரைகிறது என்று பார்க்க வேண்டாமா?

உங்களையே ஒருவராக எடுத்துக் கொள்ளுங்கள். ராசிபுரத்தில் ஒரு வீடு பிடித்துப் போகிறது. விலை 40 லட்சம். "இன்னும் இரண்டு பார்ட்டி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்" என்கிறார் தரகர். அந்த இரண்டு பார்ட்டியை இதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை! நீங்கள் பதறிப் போய் 4 லட்சம் அச்சாரம் கொடுத்து, மூன்று மாதக் கெடுவில் கையெழுத்துப் போடுகிறீர்கள். உங்கள் கணக்கு இது: மலையில் இருக்கிற வீடு 25 லட்சத்துக்குப் போகும், கையில் உள்ளது அச்சாரத்தையும் சேர்த்து 15 லட்சம், ஆக 40. சரியாகிவிட்டது!

சரியாகவில்லை. முதலில் பத்திரச் செலவை மறந்துவிட்டீர்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து, 2023 ஏப்ரல் முதல் பொதுவாக நூற்றுக்கு 9 ரூபாய். 40 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். இது எங்கிருந்து வரும்?

அடுத்து அந்த 25 லட்சம். மலையில் வீடு வாங்க வருகிறவர்கள் எத்தனை பேர்? ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், "அருமையான இடம்" என்கிறார்கள், மறுநாள் இறங்கி விடுகிறார்கள். வாங்க நினைக்கிற உள்ளூர்க்காரருக்குத் தை முதல் பங்குனி வரை மிளகும் காப்பியும் காசு கொடுத்தால்தான் கையில் பணம் புரளும். நீங்கள் ஆவணியில் கெடு வைத்துக் கொண்டு கார்த்திகைக்குள் ஆள் தேடினால் என்ன நடக்கும்? வீடு நிற்கிற மனையும் எந்த வகை என்று பார்க்க வேண்டும். பழங்குடி மக்களுக்கு அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலம் என்றால், அதை வெளியாள் வாங்கவும் முடியாது, வாங்கினோம் என்று சொல்லி விற்கவும் முடியாது. (கடனுக்கு ஈடாக மலைவாழ் மக்களின் நிலத்தை எழுதி வாங்குகிற பழக்கம் நம் ஆட்கள் எவரிடமாவது இருந்தால், இன்றோடு விட்டுவிடுங்கள். அது வியாபாரமல்ல.)

இதையெல்லாம் விடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. அந்த வீடு உங்கள் வீடுதானா?

சிரிக்காதீர்கள். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? வாப்பா பெயரில். வாப்பா மவுத்தாகிப் பல ஆண்டுகள். உம்மா இருக்கிறார்கள், அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரு சகோதரி கட்டிக் கொடுத்த ஊரில் இருக்கிறாள். வாப்பா கண் மூடிய அன்றே, ஷரீஅத் சட்டப்படி அந்த வீடு நான்கு பேருக்குச் சொந்தமாகிவிட்டது. கடனும் மரண சாசனமும் இல்லையென்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 25 லட்சத்தில் உம்மாவுக்கு எட்டில் ஒன்று, 3,12,500. மீதி 21,87,500-ஐ ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்று பிரித்தால், அண்ணனுக்கு 8,75,000, தம்பிக்கு 8,75,000, சகோதரிக்கு 4,37,500. ராசிபுரத்தில் 40 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டீர்களே, உங்கள் பங்கு எட்டே முக்கால் லட்சம்தான்!

"உம்மாவும் தம்பியும் என்னோடுதானே வந்து இருக்கப் போகிறார்கள்?" என்பீர்கள். இருக்கட்டும். சகோதரி? பல வீடுகளில் என்ன நடக்கிறது? இருபது ஆண்டுகளாக அவளிடம் பங்கைப் பற்றி யாரும் மூச்சு விட்டதில்லை. விற்பனை கூடி வந்ததும், வாங்குகிறவரின் வக்கீல் வாரிசுச் சான்று கேட்கிறார். அதில் அவள் பெயர் இருக்கிறது. "தங்கச்சி கையெழுத்து இல்லாமல் பத்திரம் ஆகாது" என்கிறார். அப்போதுதான் அண்ணனுக்குத் தங்கை நினைவு வருகிறது! பழக்கூடையோடு பஸ் ஏறிப் போகிறார். அவள் கேட்கிறாள்: "இத்தனை நாள் எங்கே இருந்தீங்க காக்கா?" அவள் கேட்பதில் என்ன தவறு? மச்சான் ஒரு வார்த்தை பேசுகிறார், மாமியார் ஒரு வார்த்தை பேசுகிறார், ஒரு மாதம் போய்விடுகிறது. கெடு இரண்டு மாதமாகச் சுருங்கிவிட்டது. ராசிபுரத்துக்காரர் போன் செய்கிறார்.

ஆகவே வீடு பார்க்கப் புறப்படுகிறவர் முதலில் போக வேண்டியது தரகரிடம் அல்ல, சகோதரியிடம். அவளுடைய பங்கை ரூபாயாக எழுதிக் கொடுத்து, சம்மதம் வாங்கிய பிறகு தரகரைப் பாருங்கள்.

சரி, கெடுவுக்குள் வீடு விற்கவில்லை. என்ன செய்வீர்கள்? வட்டிக்கு வாங்குவீர்கள். மார்க்கம் தடுத்தது என்று தெரிந்தும், "மூன்று மாதம்தானே" என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கந்து வட்டியைத் தடை செய்து தமிழகத்தில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கெடு நெருங்குகிறவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. அவசரத்தில் மலை வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. அதில் உம்மாவின் பங்கும் சகோதரியின் பங்கும் சேர்ந்து குறைகிறது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

இரண்டும் செய்யாதவர் 4 லட்சத்தை இழக்கிறார். இங்கே சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்து கொள்ளுங்கள். அச்சாரம் கொடுத்ததாலேயே வீட்டில் உங்களுக்கு உரிமை வந்துவிடாது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. "வாங்குகிறவர் தவறினால் அச்சாரம் போகும்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்து, உங்களால் கிரயம் முடிக்க முடியாமல் போனால், விற்கிறவர் அதை எடுத்துக் கொள்ளலாம் என்று 2012-இல் சதீஷ் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 'அட்வான்ஸ்' என்று பெயர் வைத்து வாங்கியதையெல்லாம் அப்படி விழுங்கிவிட முடியாது. மௌலா பக்ஷ் என்ற வியாபாரி ராணுவத்துக்கு உருளைக்கிழங்கும் முட்டையும் மீனும் சப்ளை செய்ய 18,500 ரூபாய் டெபாசிட் கட்டியிருந்தார். அரசு அதைப் பறிமுதல் செய்தது. நஷ்டத்தை நிரூபிக்காமல் அதை எடுத்துக் கொள்ள முடியாது என்று 1969-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே எது அச்சாரம், எது விலையின் ஒரு பகுதி என்று ஒப்பந்தத்தில் பிரித்து எழுதுங்கள். 40 லட்சத்துக்கு அச்சாரம் 4 லட்சமாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு லட்சத்தில் பேசிப் பாருங்கள்.

இனி மறுபக்கம். மலை வீட்டுக்கு ஒருவர் 50 ஆயிரம் கொடுத்துவிட்டு ஆறு மாதம் கேட்கிறார். அதை நம்பித்தான் நீங்கள் கீழே கெடு வைத்தீர்கள். மதுரையில் நடந்த ஒரு வழக்கைக் கேளுங்கள். 1978 டிசம்பரில் ஒரு வீட்டை 60,000 ரூபாய்க்குப் பேசி, 5,000 கொடுத்து, ஆறு மாதக் கெடு வைத்தார்கள். வாங்குகிறவர் இரண்டரை ஆண்டுகள் வாயே திறக்கவில்லை. 1981-இல், மதுரையில் வீட்டு விலை மூன்று மடங்கு ஏறிய பிறகு, "எழுதிக் கொடு" என்று நோட்டீஸ் விட்டார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1997-இல்தான் முடிந்தது. வித்யானந்தம் எதிர் வைரவன் வழக்கு என்று வக்கீல்கள் எல்லாருக்கும் தெரியும். சின்னத் தொகையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தவருக்கு வீடு இல்லை என்று தீர்ப்பு வந்தது. நியாயமான தீர்ப்பு. ஆனால் பேசிய நாளிலிருந்து 18 ஆண்டுகள்! 18 ஆண்டு வழக்கில் கிடந்த வீட்டை நம்பி எந்த ஊரில் எந்த வீட்டை வாங்குவது?

2018-இல் சட்டத்தைத் திருத்தி, ஒப்பந்தப்படி கிரயம் செய்து கொடுக்க உத்தரவிடுவதைப் பொது விதியாகவே ஆக்கிவிட்டார்கள். பணத்தோடு தயாராக நிற்கிறவர் உங்கள் வீட்டைக் கேட்டு வழக்குப் போட்டால், "நான் வாங்க இருந்த வீடு கைநழுவிப் போயிற்று, அதனால் விற்க மாட்டேன்" என்கிற பதில் எடுபடாது. வாங்குகிற பக்கத்தில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டுமோ, விற்கிற பக்கத்திலும் அவ்வளவு வேண்டும்.

"அப்படியானால் வழியே இல்லையா?" என்று கேட்கலாம். வழி இருக்கிறது, பழைய வழி. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில், அவர்களுடைய மக்கா ஆளுநர் நாஃபிஃ பின் அப்துல் ஹாரிஸ் சிறைச்சாலைக்காக ஸஃப்வான் பின் உமையாவிடம் ஒரு வீட்டைப் பேசினார். ஓர் அறிவிப்பின்படி விலை 4,000 திர்ஹம். பேச்சு எப்படி? உமர் ஒப்புக்கொண்டால் கிரயம், ஒப்புக்கொள்ளாவிட்டால் ஸஃப்வானுக்கு 400. பாருங்கள்! பணம் இன்னொருவர் முடிவில் இருக்கிறது என்பதை நாஃபிஃ மறைக்கவில்லை. நடக்காவிட்டால் எவ்வளவு போகும் என்பதையும் முதலிலேயே பேசிவிட்டார்.

இப்படி அச்சாரத்தை விற்றவரே வைத்துக் கொள்வது கூடுமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அஹ்மத் இந்தச் சம்பவத்தை வைத்து அனுமதித்தார்கள், மற்ற மூன்று இமாம்களும் அனுமதிக்கவில்லை. 1993-இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, காலக்கெடு குறிக்கப்பட்டிருந்தால் கூடும் என்று தீர்மானித்தது. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அச்சாரத்தை வைத்துக்கொள்ள நினைக்கிற விற்பனையாளர்களும் கேட்கட்டும்!

உங்கள் ஒப்பந்தத்தில் எழுத வேண்டியதும் நாஃபிஃ பேசியது போன்றதுதான். "செம்மேட்டில் உள்ள எனது இன்ன கதவு எண் வீடு, இந்தத் தேதிக்குள் கிரயமானால் இந்தக் கிரயம் முடிப்பேன். ஆகாவிட்டால் இந்த ஒப்பந்தம் முடிந்துவிடும். அச்சாரத்தில் இவ்வளவு விற்பவருக்கு, மீதி இத்தனை நாளில் எனக்கு." நாலு வரிதான். அதைப் பதிவும் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தையும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் ஹேமலதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். வழக்குக்குப் போவதற்காகவா வீடு வாங்குகிறோம்? பதிந்தால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும், அதே வீட்டை இன்னொருவரிடம் பேச விற்கிறவருக்குத் தைரியம் வராது. அச்சாரத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். 2015 ஜூன் முதல் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் உண்டு. வருமான வரிக்காக அவசரப்படவும் வேண்டாம். பழைய வீட்டை விற்பதற்கு ஓராண்டு முன்னாலோ, விற்ற பின் ஈராண்டுக்குள்ளோ புது வீடு வாங்கினால், லாபத்தின் மீது வரிச் சலுகை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. விற்றுவிட்டு ஒரு வருடம் வாடகை வீட்டில் இருப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பேச வரும் முன் ஒரு தம்பி கேட்டார்: "இப்படி நிபந்தனை எழுதச் சொன்னால் விற்கிறவர் ஒத்துக்கொள்ள மாட்டாரே, பாய்?" ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள். அந்த வீட்டை விட்டுவிடுங்கள் தம்பி. ராசிபுரத்தில் ஒரே ஒரு வீடா இருக்கிறது? பத்திரம் எழுதுகிறவரும் "இப்படியெல்லாம் வழக்கமில்லை" என்பார். வழக்கமில்லாவிட்டாலும் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைக் கையெழுத்துப் போடும் முன் வீட்டுக்குக் கொண்டு போய், உம்மாவுக்கும் மனைவிக்கும் படித்துக் காட்டுங்கள், சகோதரிக்குப் போனில் படித்துச் சொல்லுங்கள். அதற்கு ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளைத் தர மறுக்கிற தரகரிடம், வேறு பார்ட்டி இருந்தால் தாராளமாகக் கொடுத்துவிடும்படி சொல்லிவிட்டு, மலைக்குப் பஸ் ஏறி வந்துவிடுங்கள்.