கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற

செபராங் ஜெயாவில் ஒரு கடைக்குப் போகிறோம். கைப்பேசி எண் கேட்கிறார்கள், கொடுக்கிறோம். பிறகு விளம்பரம் ஓயாமல் வருகிறது. எண்ணைப் பயன்படுத்தக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாமா? பெறலாம். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? 'கேன்சல்' வேண்டாம், அது முன்பதிவுக்கு. 'ரிவோக்' பெரும்பாலும் அதிகாரிகள் உரிமத்தைப் பறிக்கும்போது வரும் சொல். நம் சம்மதத்துக்கு 'வித்ட்ரா'. சட்டத்திலும் அதே சொல்தான். 'ஐ வித்ட்ரா மை கன்சென்ட்.' நான்கே சொற்கள்.

வங்கியில் பணம் எடுக்கிறோமே, அதே 'வித்ட்ரா'. நம் பணம், நாம் எடுக்கிறோம். நம் சம்மதம், நாம் திரும்பப் பெறுகிறோம். தயங்காமல் எழுதுங்கள்.