பாட்டுக்குப் பின்னால் ஒரு கிடார்: யார் பெரியவர்?

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் வழக்கமாக உபன்யாசம் நடக்கும். இல்லாவிட்டால் சர்க்கரை வியாதி பற்றி டாக்டர் யாராவது பேசுவார். இன்று நோட்டீஸில் 'கிடார்' என்று பார்த்துவிட்டு, "இது என்ன புதுசா?" என்று சில மாமாக்கள் கேட்டது என் காதிலும் விழுந்தது. ஆனால் நம் வீட்டுக் குழந்தைகளில் எத்தனை பேர் இப்போது கிடார் கிளாஸ் போகிறார்கள் என்று பாருங்கள். அவர்களுக்குள் ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு. செஷன் கிடாரிஸ்டுகளில் பெரியவர் யார்? அதில் என் ஓட்டையும் போடலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

செஷன் கிடாரிஸ்ட் என்பவர் தன் பெயரில் கச்சேரி செய்பவர் அல்ல. ஒலிப்பதிவுக்குக் கூப்பிட்டால் போவார், கொடுத்ததை வாசிப்பார், சம்பளத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஸ்டுடியோவுக்குக் கிளம்பிவிடுவார். அமெரிக்காவில் ஒரு செஷன் என்றால் மூன்று மணி நேரம் என்பது யூனியன் கணக்கு. அதற்குள் மூன்று, நான்கு பாட்டுக்கள்கூட முடிந்தாக வேண்டும். ஒத்திகைக்கு வழியில்லை. நம் பாஷையில் சொன்னால் அவர் பக்கவாத்தியக்காரர். யாருக்குப் பக்கவாத்தியம் என்பது ஸ்டுடியோவுக்குள் நுழைந்த பிறகுதான் தெரியும்.

இந்த வாக்குவாதத்தில் முதல் கட்சி எண்ணிக்கைக் கட்சி. அவர்களுடைய வேட்பாளர் டாமி டெடெஸ்கோ (1930-1997). லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1960களில் 'ரெக்கிங் க்ரூ' என்று பின்னாளில் பெயர் பெற்ற வாத்தியக் குழுவில் ஒருவர். சினிமா, டெலிவிஷன், விளம்பரம், பாப் இசை என்று ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளில் வாசித்தவர். எதை வைத்தாலும் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பார். மாண்டலின் வேண்டும், பாலலைகா வேண்டும் என்று கேட்டாலும் அசரமாட்டார். தந்திகளைக் கிடார் மாதிரியே ஸ்ருதி கூட்டிக்கொண்டு வாசித்துவிடுவார். கிடார் பத்திரிகை ஒன்றில் தொடர் பத்தி எழுதினார். இன்ன செஷனில் இன்ன வாத்தியம் வாசித்தேன், இவ்வளவு பணம் கிடைத்தது என்று ஒளிக்காமல் எழுதுவார். தொழில் தர்மம் தெரிந்த மனிதர்.

அதே குழுவில் க்ளென் கேம்பல் இருந்தார். அவருக்கு ஸ்வரக் குறிப்பு படிக்கத் தெரியாது. காதால் கேட்டுப் பிடித்துக்கொள்வார். பீச் பாய்ஸ் குழுவின் 1966ஆம் வருஷத்து 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தில் அவர் கிடார் இருக்கிறது. பிறகு பாடகராகவே பெரும் புகழ் அடைந்தார். படித்து வாசிப்பவரும் கேட்டு வாசிப்பவரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே பாட்டுக்கு வாசித்திருக்கிறார்கள். நம் பாடாந்தரச் சண்டைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

ரெக்கிங் க்ரூவில் ஒரு பெண்மணியும் உண்டு, கேரல் கே. பிறகு பேஸ் கிடாரில் பெயர் வாங்கினார் என்றாலும், 1958இல் வந்த 'லா பாம்பா' பாட்டில் அவர் வாசித்தது சாதாரண கிடார்தான். 2025இல் அமெரிக்காவின் ராக் இசை கௌரவ மன்றம் அவரைத் தேர்ந்தெடுத்தபோது, வேண்டாம் என்று மறுத்துவிட்டார். ரெக்கிங் க்ரூ என்ற பெயரே அவருக்குப் பிடிக்காது.

நாஷ்வில் நகரத்துக்காரர்கள் க்ரேடி மார்ட்டினைச் சொல்வார்கள். 1961இல் வெளிவந்த ஒரு பாட்டின் ஒலிப்பதிவில் மிக்ஸிங் கருவி பழுதாகி, அவர் வாசித்தது கரகரவென்று பதிவாயிற்று. அந்தக் கரகரப்பை அழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதே ஓசையை வேண்டும்போது எழுப்ப ஒரு சின்னக் கருவி செய்து, மறு வருஷமே கடையில் விற்பனைக்கு வந்துவிட்டது. அந்த ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஸ்வரக் குறிப்புக்குப் பதில் ஒன்று, நாலு, ஐந்து என்று எண்களை எழுதிக்கொள்வார்கள். பாடகர் எந்த ஸ்ருதியில் பாடினாலும் எண் மாறாது. நமக்கு இது புதிதா? கட்டை மாறினாலும் ஸ, ம, ப மாறுவதில்லையே!

இரண்டாவது கட்சி தனி ஆவர்த்தனக் கட்சி. எத்தனை பாட்டு என்பது முக்கியமில்லை, ஒரு பாட்டில் மறக்க முடியாதபடி வாசித்தாரா என்று கேட்பார்கள். லாரி கார்ல்டன், ஸ்டீலி டேன் குழுவின் 'கிட் ஷார்லமேன்' (1976) பாட்டில் வாசித்த தனி வாசிப்பை உதாரணம் காட்டுவார்கள். அதே குழு மறு வருஷம் 'பெக்' என்ற பாட்டுக்காகப் பல கிடாரிஸ்டுகளை வாசிக்கச் சொல்லிப் பார்த்துத் திருப்திப்படாமல், ஜே க்ரேடன் வாசித்ததைத்தான் கடைசியில் வைத்துக்கொண்டது. லண்டனிலிருந்து விக் ஃப்ளிக்கைச் சேர்க்க வேண்டும். 1962இல் வந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் படத்தின் கிடார் இசை அவர் கைவண்ணம். இங்கே இருக்கும் எல்லோருக்கும் அந்த இசை தெரியும். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டு கட்சிக்கும் நியாயம் உண்டு. ஆனால் அடியேனின் அளவுகோல் வேறு. அந்தக் கிடாரை எடுத்துவிட்டால் பாட்டு நிற்குமா? அதுதான் கேள்வி. இந்தக் கணக்கில் என் ஓட்டு டெட்ராய்ட் நகரத்து ராபர்ட் ஒயிட்டுக்கு.

மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் ஆஸ்தான வாத்தியக் குழுவை 'ஃபங்க் பிரதர்ஸ்' என்பார்கள். அதில் ராபர்ட் ஒயிட், எடி வில்லிஸ், ஜோ மெஸ்ஸினா என்று மூன்று கிடாரிஸ்டுகள். 1964இல் டெம்ப்டேஷன்ஸ் குழு பாடிய 'மை கேர்ள்' பாட்டின் தொடக்கத்தில் ராபர்ட் ஒயிட்டின் கிடார் ஆறு ஸ்வரம் ஏறும். என்ன ஸ்வரம் தெரியுமா? ஸ ரி க ப த ஸ்! சாக்ஷாத் மோகன ஆரோஹணம். வேகமில்லை, கமகமில்லை, வித்தை காட்டல் இல்லை. அடுத்த கார்டு வந்ததும் மத்யமத்தையே ஆதார ஷட்ஜமாக வைத்துக்கொண்டு அதே ஏற்றத்தைத் திரும்ப வாசிக்கிறார். ஏறக்குறைய கிரஹபேதம் மாதிரி. கிடார் பிடித்து ஒரு மாதம் ஆன குழந்தையும் இதை வாசிக்கும். ஆனால் அந்த ஆறு ஸ்வரம் இல்லாமல் அந்தப் பாட்டை நினைத்துப் பார்க்க முடியாது.

அந்த இசைத்தட்டில் ராபர்ட் ஒயிட்டின் பெயர் கிடையாது. அவர் பெயர் மட்டுமல்ல, வாத்தியக்காரர் யார் பெயருமே கிடையாது. 1971இல் மார்வின் கே தன் ஆல்பத்தின் உறையில் வாத்தியக்காரர்கள் பெயரைப் போட வைத்த பிறகுதான் அந்தக் கம்பெனியில் நிலைமை மாறியது. இந்தக் குழுவைப் பற்றி 2002இல் ஓர் ஆவணப்படம் வந்தது. அதில் ஒரு சம்பவம் சொல்கிறார்கள். ராபர்ட் ஒயிட் ஓர் ஓட்டலில் உட்கார்ந்திருக்கிறார். 'மை கேர்ள்' ஒலிக்கிறது. பரிமாற வந்தவரிடம், இதில் வாசித்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டு, சாப்பிட வேண்டியதை மட்டும் சொன்னாராம். கிழவன் உளறுகிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். படம் வருவதற்கு 8 வருஷம் முன்பே, 1994இல், அவர் காலமாகிவிட்டார்.

ஆகவே 'பெரியவர் யார்' என்ற பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். இது பெரியவர்களின் பட்டியலா, பெயர் அச்சானவர்களின் பட்டியலா? கார்ல்டனுக்கும் க்ரேடனுக்கும் வாதாட ஆள் இருக்கிறது என்றால், அவர்கள் காலத்து ஆல்பங்களின் உறையில் பெயர் இருந்ததும் ஒரு காரணம்.

நம் ஊர் மட்டும் என்ன வாழ்ந்தது? 'தம் மாரோ தம்' (1971) பாட்டின் கிடாரை முணுமுணுக்காதவர் இந்த மும்பையில் உண்டா? வாசித்தவர் பூபிந்தர் சிங். அவர் பாடகராகவும் இருந்ததால் பெயர் தப்பித்தது. 'இளைய நிலா' (1982) கேட்டு உருகும் நமக்கு, அந்தக் கிடாரை வாசித்த ஆர். சந்திரசேகரைத் தெரியுமா? ஏ.ஆர். ரஹ்மான் வந்து உறையில் வாத்தியக்காரர்கள் பெயரை அச்சடித்த பிறகுதான், இப்படிப் பெயர் போடலாம் என்றே பலருக்குத் தோன்றியது.

கர்நாடக சங்கீத சபாக்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். வயலின், மிருதங்கம், கடம் எல்லாவற்றுக்கும் நோட்டீஸில் பெயர் இருக்கும். ஆனால் இரண்டரை மணி நேரம் அசையாமல் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டினவர் பெயர்? அநேகமாக இருக்காது. ஸ்ருதி மாதா என்கிறோம், அந்த மாதாவை மடியில் வைத்திருப்பவருக்கு ஒரு வரி கிடையாது.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த நவராத்திரி நிகழ்ச்சி அழைப்பிதழில் தம்புரா கலைஞரின் பெயரையும் போடுங்கள். மெல்லிசை நிகழ்ச்சி வைத்தால் கிடாரிஸ்ட், கீபோர்டு, தபலா எல்லோர் பெயரும் வரட்டும். நம் பத்திரிகையில் விமர்சனம் எழுதுபவர்கள் 'பக்கவாத்தியங்கள் அனுசரணையாக இருந்தன' என்று ஒரே வரியில் முடிக்காமல், யார் அவர்கள் என்றும் எழுதட்டும். மிஞ்சிப் போனால் இரண்டு வரி கூடும்.

குழந்தைகளே, உங்கள் சண்டையை நிறுத்தச் சொல்லவில்லை. தாராளமாகப் போடுங்கள். பிடித்த பாட்டில் கிடார் வாசித்தது யார் என்று முதலில் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, அப்புறம் போடுங்கள்.