பெரிய காணொளியும் சிறிய பொதியும்



கைபேசியில் எடுத்த காணொளியை ஒருவருக்கு அனுப்புவது இன்று கடிதம் எழுதுவதைக் காட்டிலும் எளிய செயலாகிவிட்டது. விரலால் ஒருமுறை தொட்டால் போதும். மதுரையில் எடுத்த காட்சியை மலேசியாவிலிருக்கும் மாமா காண்கிறார். இவ்வளவு எளிதாக நடைபெறுவதனாலேயே, நாம் அனுப்பியதுதான் அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. தாளும் எழுதுகோலும் அருகில் இருப்பின் நீங்களும் உடன் போட்டுப் பார்க்கலாம். கைபேசிக் காணொளியின் ஒரு படச்சட்டத்தில் அகலவாக்கில் 1920 புள்ளிகளும் உயரவாக்கில் 1080 புள்ளிகளும் உள்ளன என்று கொள்வோம். பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க மூன்று பைட் வேண்டுமானால், ஒரு சட்டத்திற்கு ஏறத்தாழ 62 லட்சம் பைட் ஆகிறது. நொடிக்கு 30 சட்டங்கள். நிமிடத்திற்கு 60 நொடிகள். ஆக, ஒரு நிமிடக் காட்சிக்கு ஏறக்குறைய 1,120 கோடி பைட், அதாவது 11 ஜிகாபைட்டுக்கு மேல் தேவைப்படும். ஆனால் நம் கைபேசி அதே ஒரு நிமிடத்தை நூறு மெகாபைட்டை ஒட்டிய அளவில் சேமித்து வைத்துவிடுகிறது. நூறு பங்கில் ஒரு பங்காகச் சுருங்கியது எங்ஙனம்?

இரண்டு உபாயங்கள் இதற்குத் துணை செய்கின்றன. ஒன்று, அடுத்தடுத்த சட்டங்களில் மாறாதிருப்பதை மீண்டும் மீண்டும் எழுதாமல் விடுவது. பேசுகிறவருக்குப் பின்னாலுள்ள சுவர் அசைவதில்லை. அதை ஒருமுறை குறித்தால் போதுமன்றோ? மற்றொன்று, படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் மெல்ல மாறும் பகுதியையும் நுணுக்கமாக மாறும் பகுதியையும் கணக்கினால் வேறுபடுத்துவது. மனிதக் கண் மிக நுண்ணிய மாறுதல்களை அவ்வளவாக உணர்வதில்லை. ஆகவே அவற்றைத் தோராயமாக்கியோ அடியோடு நீக்கியோ இடத்தை மிச்சப்படுத்தலாம்.

இவ்விரண்டாம் உபாயத்திற்கு அடிப்படையான கணித முறையை எண்ணியவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது என்னும் பொறியியல் அறிஞர். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், இந்த ஆய்வுக்காக 1972-ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் பொருளுதவி வேண்டினார், கிடைக்கவில்லை. கருத்து மிகவும் எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் எண்ணினாராம்! அவர் சோர்ந்துவிடவில்லை. தம் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-இல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். இன்று உலகெங்கும் பயிலும் படங்களிலும் காணொளிகளிலும் பெரும்பாலானவை அம்முறையினாலோ அதன் வழிவந்த முறைகளினாலோ சுருக்கப்படுபவையே.

இனி, அனுப்பும் நிலைக்கு வருவோம். இணைய வேகம் நொடிக்கு 10 மெகாபிட் எனில், ஒரு ஜிகாபைட் கோப்பு சென்றடைய எவ்வளவு நேரமாகும்? ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதை மறவாதீர்கள். 8,000 மெகாபிட்டைப் பத்தால் வகுத்தால் 800 நொடிகள். அதாவது 13 நிமிடம் 20 நொடி. அத்தனை நேரம் காத்திருக்க யாருக்குப் பொறுமை உண்டு? ஆகையால் செய்திச் செயலிகள் காணொளியை மறுமுறையும் சுருக்கி அனுப்புகின்றன. முதற் சுருக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவில் நின்றது. இரண்டாவதோ கண்ணுக்குத் தெரியும் நுணுக்கங்களிலும் கைவைக்கிறது. அவ்வாறு நீக்கப்பட்டதைப் பெறுபவர் எந்தக் கருவியாலும் மீட்க இயலாது.

எங்கள் வட்டாரத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். முதிய தெருக்கூத்து வாத்தியார் ஒருவர், தம் குழுவின் மத்தளக்காரர் வாசிக்கும் முறையை இளைஞர்கள் பிற்காலத்தில் பார்த்துக் கற்க வேண்டுமென விரும்பினார். கல்லூரி மாணவன் ஒருவன் இரவெல்லாம் கண்விழித்து, அவ்வாசிப்பைப் பகுதி பகுதியாகப் பதிவு செய்தான். ஒரு செய்திச் செயலியின் வழியே வாத்தியாருடைய பேரனுக்கு அனுப்பினான். போய்ச் சேர்ந்ததற்கான குறியைக் கண்டதும், கைபேசியில் இடமில்லை என்று மூலத்தை அழித்துவிட்டான். சில மாதங்களில் மத்தளக்காரர் காலமானார். பின்னர்ப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தபோது முகம் தெரிந்தது, வேடம் தெரிந்தது, விரல்கள் தெரியவில்லை. மத்தளத்தின் தோல்மேல் ஏதோ ஒரு மங்கல் அசைந்துகொண்டிருந்தது. குறைந்த ஒளியும் விரைந்த அசைவும் சுருக்கும் முறைக்கு மிகக் கடினமானவை. அங்கே இரண்டும் சேர்ந்துவிட்டன. அம்மாணவனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அனுப்புவதும் பாதுகாப்பதும் வேறு வேறு என்று அவனுக்கு யாரும் கற்பித்ததில்லை.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? காணொளியைக் காணொளியாக அனுப்பாமல், ஆவணக் கோப்பாக இணைத்து அனுப்பினால் செயலி அதைச் சுருக்குவதில்லை. உள்ளது உள்ளபடியே போய்ச் சேரும். வாட்ஸ்அப்பில் இவ்வாறு அனுப்பத்தக்க கோப்பின் உச்ச அளவு முன்பு 100 மெகாபைட்டாக இருந்தது. 2022-இல் 2 ஜிகாபைட்டாக உயர்ந்தது. டெலிகிராமில் 2020 முதல் 2 ஜிகாபைட் வரையும், கட்டணம் செலுத்துவோர்க்கு 2022 முதல் 4 ஜிகாபைட் வரையும் அனுப்ப இயலும். வாட்ஸ்அப்பில் 2023 முதல் உயர்தரக் காணொளி என்றொரு வாய்ப்பும் உண்டு. எனினும் அதுவும் சுருக்கியே அனுப்புவது என்பதை அறிந்திருத்தல் நலம். இவ்வளவையும் மீறிய கோப்பாயின், கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் ஏற்றி, அதன் இணைப்பை மட்டும் அனுப்பலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மூலக் கோப்பினுள் அது எடுக்கப்பட்ட நாளும் நேரமும், சில வேளைகளில் இடமும் பதிந்திருக்கும். கோப்பு முழுமையாகச் செல்லும்போது இக்குறிப்புகளும் உடன் செல்லக்கூடும். ஆதலின் பெறுபவர் யார் என்பதை எண்ணியே அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றையும் முழு அளவில் அனுப்புங்கள் என்று நான் கூறுவதாகக் கொள்ளாதீர்கள். குழந்தை தத்தித் தத்தி நடப்பதைப் பாட்டி கண்டு மகிழச் சுருங்கிய வடிவே போதும்; அவருடைய கைபேசியிலும் இடம் மிஞ்சும், இணையச் செலவும் குறையும். ஆனால் ஆய்வுக்கூடத்துச் சோதனை, கல்வெட்டின் எழுத்து, கைவினைஞரின் கை, முதியவரின் குரல் இவற்றின் பதிவுகள் நாளை ஒருவர் உற்று நோக்கிக் கற்பதற்குரியவை. அவை சுருங்கலாகாது.

எனவே, அனுப்புமுன் இவர் பார்த்து மகிழப் போகிறாரா, பார்த்துக் கற்கப் போகிறாரா என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கற்பதற்காயின் முழுக் கோப்பை அனுப்புங்கள். பெற்றவர் அதைத் திறந்து பார்த்து, அளவும் தெளிவும் சரியென்று சொல்லும் வரை மூலத்தை அழியாதீர்கள். சொன்ன பின்னரும் வேறோரிடத்தில் ஒரு படியை வைத்திருங்கள். அந்த மத்தளக்காரரைப் போன்றவர்கள் இன்னும் பல ஊர்களில் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். உங்கள் கையிலும் கைபேசி இருக்கிறது.