மொட்டை மாடியில் முதல் மல்லிகை

(நம் சங்கத்தின் பங்குனி மாதப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் எழுத்தராக முப்பத்தைந்து வருடம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுப் பழகியவன் நான். மைக் பிடித்துப் பழக்கமில்லை. ஆனால் இன்றைய நிகழ்ச்சி நிரலில் "மொட்டை மாடியில் பூந்தொட்டிகள் வைக்கத் தடை" என்று ஒரு பொருள் இருக்கிறது. அந்தப் பேச்சு வரக் காரணமே நான்தான் என்பதால் நானே பேசிவிடுகிறேன்.

முதலில் சந்தோஷமான செய்தி. மாசி மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, ஐந்தே முக்கால் மணி. கோட்டைப் பாறைக்குப் பின்னால் இன்னும் வெளுக்கவில்லை. வழக்கம்போல் தண்ணீர் ஊற்றப் போனேன். குண்டுமல்லிச் செடியின் ஒரு கொழுந்து நுனியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் மொட்டு! ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினொன்று. பழைய பழக்கம் விடுமா? கீழிருந்து மேலாக இன்னொரு முறை எண்ணினேன். கணக்கு சரியாக இருந்தது. "இங்கே வாயேன்!" என்று நான் போட்ட சத்தத்தில், வழுக்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்து என் மனைவி கையில் தைல பாட்டிலோடு மேலே ஓடி வந்தாள்.

அன்று அந்த மொட்டுகளை நாங்கள் பறிக்கவில்லை. சாயங்காலம் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். குண்டுமல்லி இருட்டும் நேரத்தில்தான் விரியும். விரியும்போதுதான் வாசம் வெளியே வரும். அதனால்தான் வியாபாரத்துக்குப் பூ எடுப்பவர்கள் விடிவதற்கு முன்பே தோட்டத்துக்குப் போய், விரியாத மொட்டாகப் பறித்துவிடுகிறார்கள். ஏழு மணிவாக்கில் முதல் மொட்டு இதழ் பிரித்தது. அறுபத்தாறு வயதில், ஒரு பூ விரிவதைப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

பதினொரு பூவுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம், பஸ் ஸ்டாண்டில் ஒரு முழம் வாங்கினால் இதைவிட அதிகம் இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அந்தச் செடியே இருக்காது என்று ஒரு நிலைமை வந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, மூன்றாவது மாடியில், குழந்தை படுக்கும் அறையில் ஈரம் இறங்கியது. மாடியில் வழியும் தண்ணீர் எங்கள் வீட்டு மூலைச் சுவர் வழியாக இறங்கியிருக்கிறது. எங்கள் பக்கம் அலமாரி மறைத்திருந்ததால் நாங்கள் கவனிக்கவில்லை. அந்த வீட்டுத் தம்பி மரியாதையாகத்தான் வந்து சொன்னார். நான்தான், "மழை பெய்தால் ஊரெல்லாம் ஒழுகும், என் தொட்டி என்ன செய்யும்?" என்று வாதாடினேன். ஒரு வாரம் லிஃப்டில் பார்த்தால்கூடப் பேசவில்லை.

பிறகு மழை விட்ட நாட்களில் பதினான்கு தொட்டிகளையும் நகர்த்திப் பார்த்தோம். பெரிய மல்லித் தொட்டி நகரவே இல்லை. அடித்துளை வழியாக வேர் வெளியே வந்து, தட்டோட்டின் இடுக்கில் இறங்கி இருந்தது. தொட்டிக்கு அடியில் பூச்சு கையோடு உதிர்ந்து வந்தது. அதற்குமேல் வாதாட என்ன இருக்கிறது? தப்பு என் பக்கம். அந்தத் தம்பியிடம் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். மராமத்துச் செலவை நானே கொடுத்தேன். எல்லாத் தொட்டிகளையும் யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "செடி வேண்டாம்னு நான் சொல்லல சார். தரையில வைக்க வேண்டாம், அவ்வளவுதான். சித்திரை வரைக்கும் பார்ப்போம்."

பதினான்கு தொட்டி ஆறாகியது. ஒரு அடி உயரத்தில் இரும்பு ஸ்டாண்ட் செய்து, கால்களுக்கு ரப்பர் மாட்டி, சுவர் ஓரமாக வைத்தோம். அடியில் தட்டு. மண்ணோடு தென்னை நார்க்கழிவு கலந்து எடையைக் குறைத்தோம். இருபது லிட்டர் வாளி அளவுத் தொட்டியில் ஈர மண் மட்டும் நிரப்பினால் ஏறக்குறைய முப்பது கிலோ வரும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வேரை அறுத்து எடுத்த அந்த மல்லி பிழைக்குமா என்று பயம். கீரமங்கலம் பக்கத்தில் பூ விவசாயம் செய்யும் ஒருவர், என் பழைய வாடிக்கையாளர். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னையை எல்லாம் சாய்த்த பிறகு, பூவை நம்பியே எழுந்து நின்றவர். போன் போட்டேன். "வேரை அறுத்தீங்கல்ல, மேலேயும் அறுங்க. கார்த்திகை கடைசியில கவாத்து பண்ணுங்க. தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மிச்சத்தை வெட்டிடுங்க" என்றார்.

மூன்று வருடம் ஆசையாக வளர்த்த செடி. நான் கத்தரியை எடுத்ததும் என் மனைவி கீழே இறங்கிப் போய்விட்டாள். இரண்டு நாள் சரியாகப் பேச்சில்லை. மார்கழி முழுக்க வெறும் குச்சிகள். இரண்டாவது மாடிப் பையன் ஒருவன், "தாத்தா, செடி செத்துப்போச்சா?" என்று கேட்டான். எனக்கே பதில் தெரியவில்லை.

தை பிறந்தபின் கணுக்களில் துளிர் வந்தது. மல்லி பழைய கிளையில் பூப்பதில்லை, புதுக் கொழுந்தின் நுனியில்தான் பூக்கும். மூன்று வருடமாக வெட்டாமல் விட்டதால்தான் செடி காடாக வளர்ந்தும் பூ ஒன்றிரண்டாகவே இருந்தது என்று இப்போது புரிகிறது. குளிரில் மல்லி வரத்து குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் விலை ஏறுகிறதே, அந்த நேரத்தில்தான் விவசாயி செடியை வெட்டிவிட்டுக் காத்திருக்கிறார். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இந்த இனம்தான். பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய மலரும் இதே குண்டுமல்லிதான். அங்கே இதன் பெயர் சம்பகீதா.

சரி, அந்தப் பதினொரு பூ என்ன ஆயிற்று? முதல் பூ சத்தியமூர்த்திப் பெருமாளுக்கு என்றாள் என் மனைவி. முதல் பூ மூன்றாவது மாடிக்கு என்றேன் நான். "பெருமாள் கோபிச்சுக்க மாட்டாருங்க" என்று அவளே ஐந்தைக் கீழே எடுத்துப் போனாள், ஆறைக் கோயிலுக்கு வைத்தாள். நானும் கூடப் போனேன். அந்தத் தம்பி பூவை வாங்கிக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு, என்னை அந்த அறைக்குள் கூட்டிப்போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். காய்ந்திருந்தது. பூவைப் பார்த்ததைவிட எனக்கு அதில்தான் நிம்மதி.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தடை போடாதீர்கள், விதி போடுங்கள். ஸ்டாண்ட் இல்லாமல் தொட்டி கூடாது. சுவர் ஓரம் மட்டும். வீட்டுக்கு ஆறு தொட்டிக்கு மேல் வேண்டாம். புரட்டாசியில், மழைக்கு முன், ஒவ்வொரு தொட்டியையும் தூக்கி அடியில் வேர் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனையை நானே பொறுப்பெடுத்துச் செய்கிறேன். தவறினால் முதலில் என் தொட்டியை இறக்குங்கள்.

இப்போது செடியில் தினமும் நாற்பது, ஐம்பது பூ. ஓட்டுப் போடுவதற்கு முன் இன்று சாயங்காலம் ஏழு மணிக்கு ஒருமுறை மேலே வந்து பாருங்கள். நாற்காலி போட்டு வைக்கிறேன்.